அறத்தைக் காப்பவருக்கு யார் படியளப்பது?

ஆண்டனி டிரோலப்பின் 'தி வார்டன்' 1855ஆம் ஆண்டு வெளிவந்த சிறிய நாவல். 1434இல் இறந்துபோன கம்பளி வணிகர் ஒருவர், உழைத்து ஓய்ந்த பன்னிரண்டு ஏழைக் கிழவர்களைப் பேணுவதற்காகத் தம் நிலங்களை எழுதிவைத்துச் சென்றிருக்கிறார். நான்கு நூற்றாண்டுகளில் அந்நிலங்களின் வருவாய் பன்மடங்கு பெருகிவிடுகிறது. கிழவர்களுக்குக் கிடைப்பதோ நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கும் நான்கு பென்ஸும்தான். அவர்களுக்குக் காப்பாளராக அமர்ந்திருக்கும் பாதிரியார் ஹார்டிங்குக்கு ஆண்டொன்றுக்கு 800 பவுண்டு. இது நியாயமா என்று ஓர் இளம் மருத்துவர் கேட்கிறார். பத்திரிகை ஒன்று அதை ஊதிப் பெரிதாக்குகிறது. பேராயக் குருமார் ஒருபுறமும் சீர்திருத்தக்காரர் மறுபுறமும் நின்று மோதுகிறார்கள். மென்மையான மனிதராகிய ஹார்டிங் மனச்சாட்சி உறுத்தப் பதவி விலகுகிறார். அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து நாள்தோறும் சேர்த்துக் கொடுத்துவந்த இரண்டு பென்ஸும் அதோடு நின்றுவிடுகிறது. வழக்கில் வென்றவர் எவருமில்லை. கிழவர்கள் இருந்ததையும் இழந்தார்கள்.

இதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. வின்செஸ்டர் நகரத்துச் செயின்ட் கிராஸ் தர்மசாலை பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் தலைமைப் பதவியை 1808இல் வின்செஸ்டரின் பேராயர் தம் சொந்த மகனுக்கே கொடுத்தார். பின்னாளில் கில்ஃபோர்டு பிரபுவாகப் பட்டமேற்ற அந்த மகன், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்தத் தர்மத்தின் வருவாயை அனுபவித்தார். அந்த ஊழல் நீதிமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் வந்த காலத்தில்தான் டிரோலப் தம் நாவலை எழுதினார்.

நாவல் எழுப்பும் கேள்வியை இப்படிச் சுருக்கலாம்: இறந்தவர் கொடுத்த பணம் ஏழையிடம் போய்ச் சேருகிறதா என்பதை யார் பார்ப்பது? இங்கிலாந்து இக்கேள்விக்கு நானூறு ஆண்டுகளாக விடை தேடிவந்திருக்கிறது. அந்தத் தேடலின் போக்கில் இரண்டாவது கேள்வி ஒன்று மெல்ல முளைத்தது. பார்ப்பவருக்கு யார் படியளப்பது? முதற்கேள்விக்குச் சட்டங்கள் பல வந்தன. இரண்டாவதற்கு இன்றுவரை நிறைவான விடை இல்லை.

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1601இல், தர்மங்களைக் குறித்த சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எவையெல்லாம் தர்மம் என்று அதன் முகப்புரை பட்டியலிட்டது. முதியோர், முடியாதோர், வறியோர் ஆகியோரைப் பேணுதல், காயமுற்ற படைவீரரைக் காத்தல், பள்ளிகள், பாலங்கள், துறைமுகங்கள், சாலைகள் ஆகியவற்றைப் பராமரித்தல், அனாதைகளை வளர்த்தல், ஏழைப்பெண்களுக்கு மணம் முடித்தல், சிறைப்பட்டோரை மீட்டல். பதினான்காம் நூற்றாண்டின் ஆங்கில நெடும்பாடலாகிய 'பியர்ஸ் பிளௌமனி'ல் வணிகர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கவிஞன் சொன்ன அறம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று. நம்முடைய கல்வெட்டுகளில் வரும் நிவந்தங்களைப் படித்தவர்களுக்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

பட்டியல் இருந்தது, கண்காணிப்பு நிலைக்கவில்லை. இச்சட்டத்தின்கீழ் ஊர்தோறும் அமர்த்தப்பட்ட விசாரணைக் குழுக்கள் காலப்போக்கில் வழக்கொழிந்தன. எஞ்சியது சான்சரி நீதிமன்றம். அதன் தாமதமும் செலவும் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' படித்தவர்களுக்குத் தெரியும். தலைமுறைகளாக நடக்கும் சொத்து வழக்கு அந்நாவலில் கடைசியில் முடிகிறது. சொத்து முழுவதையும் வழக்குச் செலவே விழுங்கிவிட்டது என்பதுதான் முடிவு. சிற்றூரில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வருமானமுள்ள தர்மத்தைக் காப்பாற்ற யார் அங்கே போய் வழக்காடுவார்?

ஹென்றி புரூம் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1818இல் இதைக் கையிலெடுத்தார். ஏழைகளின் கல்விக்கென விடப்பட்ட தர்மங்களை விசாரிக்க ஓர் ஆணையம் அமைய வேண்டும் என்று அவர் மசோதா கொண்டுவந்தார். ஆணையம் அமைந்தது. ஆனால் பல்கலைக்கழகங்களும் ஈட்டன் போன்ற பெரிய பள்ளிகளும் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன. புரூமுக்கே அதில் இடமளிக்கப்படவில்லை. கேள்வி கேட்டவரை விட்டுவிட்டுக் கேள்விக்கான குழுவை அமைக்கும் கலை புதியதன்று என்பதற்கு இது ஒரு சான்று. எனினும் அடுத்த ஆண்டே ஆணையத்தின் வரம்பு விரிக்கப்பட்டது. 1837வரை நீடித்த அந்த விசாரணையில் ஏறத்தாழ 29,000 தர்மங்கள் கணக்கெடுக்கப்பட்டன.

இதே காலத்தில் சென்னையிலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. புரூமின் ஆணையத்துக்கு ஓராண்டு முன்பே, 1817இல், கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஏழாம் ஒழுங்குவிதியை இயற்றியது. கோயில்கள், மசூதிகள், சத்திரங்கள், பாலங்கள் ஆகியவற்றுக்கென விடப்பட்ட மானியங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை அது வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. நிலவரி வசூலிக்கும் கையே தர்மத்தையும் காக்கும் கையாக ஆயிற்று. சென்னைப் பட்டணத்தில் பச்சையப்ப முதலியாரின் கதை வேறுவகை. 1794இல் அவர் மறைந்தபின், அவர் உயிலில் கண்ட தர்மங்கள் நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தன. ஆங்கிலச் சட்டத்தின்படி இயங்கிய உச்ச நீதிமன்றத்தின் ஆணைகளால் மீட்கப்பட்ட அந்நிதியின் மிகுதியிலிருந்துதான் 1842இல் பச்சையப்பன் பள்ளி தோன்றியது. சான்சரியின் நிழல் நம் ஊர்வரை நீண்டிருந்தது.

இங்கிலாந்தில் நிலையான ஆணையம் 1853இல்தான் வந்தது. 'ப்ளீக் ஹவுஸ்' தொடராக வெளிவந்து முடியும் தறுவாயில், ஆகஸ்டு மாதம், அறக்கட்டளைகள் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ்த் தோன்றிய அறக்கட்டளை ஆணையமே பல மாற்றங்களுக்குப் பின் இன்றும் இயங்கிவருகிறது. தொடக்கத்தில் அதற்குப் பல் இல்லை. 1860இல் தர்மங்களின் நிர்வாகத் திட்டத்தை மாற்றியமைக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. அப்போதும் ஆண்டு வருமானம் 50 பவுண்டுக்கு மேற்பட்ட தர்மமாக இருந்தால், அறங்காவலர்களில் பெரும்பாலோர் விண்ணப்பித்தாலொழிய ஆணையம் அதைத் தொட முடியாது. சிறிய திருடனைத் தன் விருப்பப்படி பிடிக்கலாம். பெரிய திருடனை அவன் சம்மதித்தால் பிடிக்கலாம்.

அரசுப் பணத்தைத் தர்மம் சார்ந்திருப்பது பற்றிய முதல் பெரிய வாதம் 1863இல் எழுந்தது. நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டன், சொத்துடைய தர்மங்களுக்கு அளிக்கப்பட்டுவந்த வருமானவரி விலக்கை நீக்க முனைந்தார். அவருடைய தர்க்கம் கூர்மையானது. ஒருவருக்கு வரியை விட்டுக்கொடுத்தால் அந்தச் சுமை மற்றவர் தலையில் ஏறுகிறது. ஆகவே வரிவிலக்கு என்பது அரசு மறைமுகமாக வழங்கும் மானியமே. வேறெந்த மானியத்தையும் பாராளுமன்றம் ஆண்டுதோறும் ஆராய்ந்து வாக்களிக்கிறது. இதை மட்டும் ஆராயாமல் கொடுக்கிறது. பேராயர்களும் பிரபுக்களும் தூதுக்குழுவாகத் திரண்டு வந்து எதிர்த்தனர். கிளாட்ஸ்டன் நெடுநேரம் பேசிவிட்டு அத்திட்டத்தைக் கைவிட்டார். அவர் தோற்றார், அவருடைய தர்க்கம் தோற்கவில்லை. அரசிடம் ஒரு காசும் வாங்குவதில்லை என்று மார்தட்டும் தர்மமும் வரிவிலக்கு வழியாக அரசின் இலையில் உண்டுகொண்டுதான் இருக்கிறது என்ற உண்மையை அவருக்குப் பின் எவராலும் மறைக்க இயலவில்லை.

கண்காணிப்பவர் தம் கடமையை உண்மையிலேயே செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நூற்றாண்டிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. பழைய கல்விக் கட்டளைகளைச் சீரமைக்க 1869இல் தனி ஆணையம் ஒன்று அமைந்தது. லிட்டெல்டன் பிரபுவின் தலைமையில் அது துணிந்து செயல்பட்டது. பழைய கட்டளைகளின் பணத்தில் பெண்கள் பள்ளிகளுக்கும் வழிசெய்தது. லண்டன் மாநகராட்சியின் மூத்த உறுப்பினர்களோடு மோதவும் அது தயங்கவில்லை. 1874இல் டிஸ்ரேலியின் ஆட்சி வந்தது. ஆணையம் கலைக்கப்பட்டு அதன் அதிகாரங்கள் அறக்கட்டளை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்தாண்டு ஆயுள். அமைக்கும் கைக்கே கலைக்கும் வலிமையும் உண்டு என்பதைப் பின்னால் வந்த ஆணையர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறியது. 1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது, தர்ம மருத்துவமனைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. 1123இல் நிறுவப்பட்ட செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று. எண்ணூறு ஆண்டுக்கால தர்மம் ஒரே நாளில் அரசுத்துறையாயிற்று. நலவாழ்வு அரசுக்கு அடித்தளமிட்டவர் எனப் போற்றப்படும் பெவரிட்ஜே அதே ஆண்டில் தன்னார்வச் செயல்பாட்டைக் குறித்துத் தனி நூல் எழுதினார். அரசு எல்லாவற்றையும் தானே செய்துவிடலாகாது, மக்கள் தாமாக முன்வந்து செய்யும் வெளி காக்கப்பட வேண்டும் என்பது அவருடைய கவலை. 1960இன் சட்டம் எவரும் பார்க்கத்தக்க பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தியது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 1,70,000 அறக்கட்டளைகள் பதிவுபெற்றுள்ளன.

நூற்றாண்டின் இறுதியில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1990ஆம் ஆண்டின் சமூகப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பின், முதியோர் பராமரிப்பு முதலான பணிகளை உள்ளாட்சிகள் தாமே செய்வதை விடுத்துத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் விடலாயின. கொடை என்று வந்த பணம் படிப்படியாக ஒப்பந்தத் தொகையாக மாறியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. கொடை, 'நீ செய்வது நல்லது, தொடர்ந்து செய்' என்கிறது. ஒப்பந்தம், 'நான் சொல்வதைச் செய், கணக்குக் காட்டு' என்கிறது. புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் இத்துறையின் மொத்த வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரசிடமிருந்தே வந்தது. இது சராசரிக் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். சிற்றூர்க் கூடம், தேவாலயத்துக் கஞ்சித்தொட்டி போன்ற சிறிய தர்மங்களில் பெரும்பாலானவை அரசுப் பணத்தைக் கண்டதே இல்லை. சார்பு பெரிய நிறுவனங்களிலும், நடுத்தர நிறுவனங்களிலும்தான் ஆழமாக வேரோடியது.

இச்சார்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் 'கிட்ஸ் கம்பெனி'யின் வீழ்ச்சி காட்டியது. கைவிடப்பட்ட சிறாருக்காக 1996இல் தெற்கு லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. கட்சி வேறுபாடின்றி அடுத்தடுத்து வந்த அரசுகள் அதற்கு வாரி வழங்கின. மத்திய அரசு மட்டுமே குறைந்தது 4 கோடியே 20 லட்சம் பவுண்டு கொடுத்திருந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. சேமிப்பு என்று எதுவும் இல்லாமல் அடுத்த மானியத்தை எதிர்நோக்கியே நிறுவனம் நடந்தது. 2015இல் மேலும் 30 லட்சம் பவுண்டு கொடுப்பதற்கு மூத்த அதிகாரி எழுத்துமூலம் ஆட்சேபித்தார். அமைச்சர்கள் அதை மீறி ஆணையிட்டனர். பணம் சென்ற சில நாட்களில், ஆகஸ்டு 5 அன்று, நிறுவனம் மூடப்பட்டது. அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். ஆணையத்தின் அறிக்கையோ 2022இல்தான் வந்தது. அமைச்சர்களே முன்னின்று பணம் கொடுக்கும் நிறுவனத்தைக் கண்காணிப்பவர் கேள்வி கேட்க வேண்டுமானால், அவர் முதலில் அமைச்சர்களின் முடிவையே கேள்வி கேட்டாக வேண்டும்.

மறுமுனையில் கொடுப்பவரின் கோபமும் வெளிப்பட்டது. அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு அரசையே வற்புறுத்தும் தொண்டு நிறுவனங்கள் வெறும் கைப்பாவைகள் என்று வாதிடும் அறிக்கை ஒன்றைப் பொருளாதார விவகாரக் கழகம் 2012இல் வெளியிட்டது. அவ்வாதத்தின் தாக்கத்தில், மானியப் பணத்தைக் கொண்டு அரசிடமோ பாராளுமன்றத்திடமோ கருத்துரைத்து வற்புறுத்தலாகாது என்ற விதியை எல்லா மானியங்களிலும் சேர்க்கப்போவதாக 2016 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. வீடற்றோருக்குக் கஞ்சி ஊற்றலாம். அவர்கள் ஏன் வீடற்றுப் போனார்கள் என்று அமைச்சரிடம் சொல்லலாகாது. கடும் எதிர்ப்பு எழவே ஏப்ரலில் அது நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் வேறு விதிகள் வந்தன. விதி போயிற்று. அச்சம் போயிற்றா என்பது வேறு.

இத்தகைய நெருக்கடியில் நிறுவனங்களுக்குத் துணைநிற்க வேண்டியது சுதந்திரமான ஆணையம். சட்டத்தில் அச்சுதந்திரம் ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டுள்ளது. 2006ஆம் ஆண்டின் சட்டமும் அதைத் தொகுத்தமைத்த 2011ஆம் ஆண்டின் சட்டமும், ஆணையம் தன் பணிகளில் எந்த அமைச்சரின் கட்டளைக்கும் உட்பட்டதன்று என்கின்றன. ஆனால் தலைவரை நியமிப்பவர் அமைச்சர். படியளப்பது அரசுக் கருவூலம். 2010க்குப் பிந்தைய சிக்கன ஆண்டுகளில் அந்தப் படி வெகுவாகக் குறைக்கப்பட்டது. அதே காலத்தில் 'கப் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளையின் கதை 2013இல் வெளியானது. நன்கொடையாக 17 கோடியே 60 லட்சம் பவுண்டு பெற்றதாகக் கணக்குக் காட்டிய அது, தர்மத்துக்குச் செலவிட்டது 55,000 பவுண்டு. வரிச்சலுகையாகக் கோரியது 4 கோடியே 60 லட்சம். ஆணையத்துக்குக் கண் தெரியவில்லை என்று பாராளுமன்றக் குழு கடிந்துகொண்டது. விளக்குக்கு எண்ணெயைக் குறைத்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று குறைகூறுவதுபோல, ஆணையத்தின் தவறும் அதற்குப் பணம் குறைத்தவர்களின் தவறும் அதில் கலந்தே இருந்தன.

நியமனங்களின் கதையும் இப்படித்தான். தொழிற்கட்சி ஆட்சியில் அமர்த்தப்பட்ட தலைவரைப் பழமைவாதிகள் சார்புடையவர் என்றனர். தனியார் பள்ளிகளின் பொதுப்பயன் குறித்து அவர் காலத்து ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின் சில பகுதிகள் தவறென்று 2011இல் மேல் தீர்ப்பாயம் கூறியது. 2018இல் பழமைவாதக் கட்சியின் முன்னாள் அமைச்சராகிய ஸ்டோவெல் பெயர் முன்மொழியப்பட்டபோது, பாராளுமன்றத் தேர்வுக்குழு ஒருமனதாக ஏற்க மறுத்தது. அமைச்சர் அவரையே நியமித்தார். 2022இல் அடுத்த தலைவரின் பெயரையும் குழு ஏற்கவில்லை. அவரும் நியமிக்கப்பட்டார். ஒருவர் நேர்மையாளரா அல்லரா என்பதன்று இங்கே பேச்சு. எந்தக் கட்சி ஆண்டாலும் மறுகட்சி அவ்வாணையத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டிய ஏற்பாட்டையே சட்டம் விட்டுவைத்திருக்கிறது.

அப்படியானால் கண்காணிக்கப்படுபவர்களே காப்பாளருக்குப் படியளக்கலாமா? பெரிய அறக்கட்டளைகளிடம் கட்டணம் பெறும் யோசனை 2017 வாக்கில் ஆணையத்திலேயே எழுந்து, பின் அடங்கிவிட்டது. அந்த வழியில் நெடுங்காலமாக நடந்துவருவது தமிழகம். 1863இல் அரசு கோயில் நிர்வாகத்திலிருந்து விலகியது. 1920களில் அறநிலைய வாரியம் வந்தபோது, அதன் செலவுக்குக் கோயில்களே பங்களிக்க வேண்டியதாயிற்று. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பங்களிப்பு, சேவைக்கான கட்டணமன்று, வரியே. ஆகவே செல்லாது என்று 1954இல் சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பங்களிப்பை மீண்டும் அமைத்துக்கொண்டது. இங்கே செலவு அறநிலையங்களுடையது. அதிகாரமோ அமைச்சரின் கீழுள்ள துறையினுடையது. பணம் எங்கிருந்து வந்தாலும் நியமனமும் கட்டளையும் அமைச்சரிடம் இருக்கும்வரை சுதந்திரம் வராது என்பதையே நம் அனுபவம் காட்டுகிறது.

இங்கிலாந்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தேசியத் தணிக்கைச் சட்டம் ஏற்படுத்திய முறைப்படி, தலைமைத் தணிக்கையாளர் மக்களவையின் அலுவலர். அமைச்சர் எவருக்கும் கீழ்ப்பட்டவரல்லர். அவரை நியமிக்கும் தீர்மானத்தைப் பிரதமர் கொண்டுவந்தாலும், பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் இசைவு வேண்டும். அத்தலைவர் மரபுப்படி எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். தணிக்கை அலுவலகத்தின் செலவையும் பாராளுமன்றத்தின் தனிக்குழுவே ஆராய்கிறது. கருவூலத்தின் பணம்தான், ஆனால் கருவூலத்தின் கை அதில் இல்லை. அரசின் கணக்கைப் பார்ப்பவருக்கு இவ்வளவு பாதுகாப்புக் கொடுக்க முடிந்த நாடு, அறத்தின் கணக்கைப் பார்ப்பவருக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. எதிர்ப்பவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரிடம் பொறுப்பு இருப்பதே மக்களாட்சி என்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட அவை முழுவதற்கும் பொறுப்பாக இருப்பது மக்களாட்சிக்குக் குறைவாகிவிடுமா?

கொடுப்பவர், பெறுபவர், காப்பவர் ஆகிய மூவரும் ஒரே களஞ்சியத்தில் அளந்து வாங்கும்போது, அவர்களுக்குள் சண்டையும் வரும், சமாதானமும் வரும். இரண்டிலும் பேசப்படாமல் போகிறவர் நான்காமவர். கிட்ஸ் கம்பெனியின் கதவு மூடியபோது வாசலில் நின்ற சிறாரும், டிரோலப்பின் பன்னிரண்டு கிழவர்களும் அந்த நான்காம் இடத்தில் இருப்பவர்களே. ஆணையம் எவருக்காகச் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அறங்காவலர்களுக்காகவோ அமைச்சர்களுக்காகவோ அன்று, அவர்களுக்காக என்பதே விடை. அவர்கள் எந்தத் தூதுக்குழுவிலும் இடம்பெறுவதில்லை. எவருடைய நியமனத்துக்கும் வாக்களிப்பதில்லை. ஆகவே, ஆணையத்துக்கு யார் படியளப்பது என்ற கேள்வியை அவர்கள் சார்பில் வேறு யாரேனும்தான் கேட்டாக வேண்டும்.